அக்கா கொண்டுவந்த சீர்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கும், எங்கள் வீட்டு நல்லது கெட்டதில் வந்து நிற்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை மாமா என்னிடம் கொடுத்தார். அக்காவின் கணவரை நாங்கள் மாமா என்றே அழைப்போம்.

நான் எழுதப்போகிறேன் என்று தெரிந்ததும் அண்ணன் போன் செய்தார். அவர் அக்காவுக்குத் தம்பி, எனக்கு மூத்தவர். "நாலு நல்ல வார்த்தையா எழுதும்மா. எல்லார் கைக்கும் போவும். பழசெல்லாம் கிளறாத" என்றார். மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர், மனதில் இருப்பதை எழுது என்று மட்டும் சொன்னார். வீட்டில் நான் கடைக்குட்டி. இரண்டு பேர் சொன்னதையும் கேட்க வேண்டியவள். அதனால் நல்ல வார்த்தையும் எழுதுகிறேன், பழசையும் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது குமராட்சிக்குத் தெற்கே, கொள்ளிடக் கரையை ஒட்டிய எங்கள் கிராமத்தில். அப்பாவுக்குச் சொற்பக் காணி நிலம். ஆற்றில் தண்ணீர் ஏறினால் அது எங்கே இருக்கிறது என்றே தேட வேண்டும். தலைப்பிள்ளை பெண்ணாகப் போனதில் அப்பாவைப் பெற்றவர்களுக்கு வருத்தம் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அக்கா அதைக் கேட்டுச் சிரிப்பார். உள்ளூர்ப் பள்ளி முடிந்ததும் சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போய்ப் படித்தார். மழைக்காலத்தில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, புத்தகப் பையைத் தலைமேல் வைத்து, முட்டளவு தண்ணீரில் நடந்து ரோட்டுக்குப் போவார். அண்ணனும் அதே பள்ளிக்கூட வழியில்தான் போனார். அவருக்கு மட்டும் சைக்கிள் இருந்தது.

அக்காவின் வாழ்க்கையை வேறு பக்கம் திருப்பியது ஒரு பசுமாடு. எங்கள் செவலைப் பசுவுக்குக் கன்று குறுக்கே மாட்டிக்கொண்டது. காலையிலிருந்து மாடு கத்துகிறது. ஊர் ஆண்கள் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். யாரோ போய்ச் சொல்லி, குமராட்சியிலிருந்து டாக்டர் வருகிறார் என்றார்கள். வரப்பில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தது ஒரு பெண். புடவையை இழுத்துச் செருகினார். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தோள் வரைக்கும் உள்ளே விட்டார். வெகுநேரம் கழித்துக் கன்று உயிரோடு வெளியே வந்து விழுந்தது. அந்த அம்மா சோப்புப் போட்டுக் கைகழுவி, காப்பி குடித்து, வந்த வழியே போய்விட்டார். அக்கா ரோடு வரைக்கும் அவர் பின்னாலேயே போனாராம். "பொம்பளக் கையி என்னென்ன செய்யும்னு அன்னிக்குத்தான்டி பாத்தேன்" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

மாட்டு டாக்டருக்குப் படிக்க அக்காவை யாரும் அனுப்பவில்லை. அனுப்பலாம் என்று யாருக்கும் தோன்றக்கூட இல்லை. பிளஸ் டூ முடித்து, வீட்டில் இருந்துகொண்டே பரீட்சை எழுதி, நில அளவைத் துறையில் சர்வேயராகச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் வயலில் சங்கிலி பிடித்து அளக்கும் பெண்ணை யாரும் பார்த்ததில்லை. வெயிலுக்காகப் புடவைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, காலில் கேன்வாஸ் ஷூ. அந்த ஷூவை வாங்கிக் கொடுத்தது மாமா. சிதம்பரத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் மாமாவைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு, முள் குத்திய காலோடு அக்கா வீட்டுக்கு வருவது நின்றது. எங்கள் உறவில் பலருக்கு அந்தச் சட்டைதான் பெரிய அவமானம். கவர்மென்ட் உத்தியோகம் பார்ப்பவள் நாற்று நடுகிறவள் மாதிரி திரிகிறாளே என்று அம்மாவிடம் வந்து சொல்வார்கள். சொன்னவர்களுக்கே வரப்புத் தகராறு வந்தபோது அதே சட்டையோடு அக்கா வர வேண்டியிருந்தது. வந்தார், அளந்தார், கல் நட்டார். யார் பக்கமும் சாயவில்லை. அதனால் இரண்டு பக்கமும் அவரைத் திட்டியது.

அக்காவுக்கும் மாமாவுக்கும் குழந்தை இல்லை. இதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. அவர்களுக்கும் இல்லை. ஆனால் எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் பெரியவளானால், மஞ்சள் நீராட்டில் ஆலாத்தித் தட்டு கைமாறிக் கைமாறிப் போகும்போது, அக்காவுக்கு முன்னால் வந்ததும் அது சத்தமில்லாமல் அடுத்தவர் கைக்குப் போய்விடும். பிள்ளை பெற்றவர்கள்தான் சுற்ற வேண்டுமாம். அக்கா முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நான் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

2004 கடைசியில் கடல் வந்த பிறகு, பிச்சாவரத்துக்கு அந்தப் பக்கத்து மீனவர் குடும்பங்களுக்குப் புது இடத்தில் மனை அளந்து கொடுக்கும் வேலைக்கு அக்காவைப் போட்டார்கள். பல மாதங்கள் அங்கேதான் கிடந்தார். அங்கே ஒரு சிறுமி காலையிலிருந்து சாயங்காலம் வரை டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவர் கூடவே நடந்திருக்கிறாள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று அக்கா கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது என்றார். அந்தச் சிறுமிதான் கேட்டாளாம், இந்த வேலைக்குப் படிக்கணுமா, இல்லை இப்படிக் கூட வந்தால் போதுமா என்று. அதைச் சொல்லும்போது அக்கா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அபூர்வம்.

அதற்குப் பிறகு வந்த முதல் மஞ்சள் நீராட்டுக்கு, எங்கள் சித்தப்பா மகன் வீட்டு விசேஷத்துக்கு, அக்கா சீர்த்தட்டோடு ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தார். சிதம்பரம் டெப்போவில் கண்டக்டராக இருந்தவர். காக்கிச் சட்டை, தோளில் பை, கழுத்தில் தொங்கும் விசில். மணையில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் போய், இவுங்க இன்ன வேலை செய்றாங்க, ஏதாவது கேளு என்றார் அக்கா. அந்தப் பெண் வெட்கத்தில் தலையைக் குனிந்தவள் நிமிரவேயில்லை. சமையல் கொட்டகை வரை சிரிப்பு போனது. ஆனால் அக்கா விடவில்லை. அன்றிலிருந்து சொந்தத்தில் எந்தப் பெண் பெரியவளானாலும் அக்கா தட்டோடு ஒருவரைக் கூட்டி வருவார். வேலை உடுப்பில்தான் வர வேண்டும் என்பது அவர் போட்ட கட்டளை. பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வருகிறேன் என்றால், வேண்டாம், வராதீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். போலீஸ்காரப் பெண் ஒருவர் வந்திருக்கிறார், சுடுகாட்டு வேலைக்கும் போகும் சுகாதார ஆய்வாளர் ஒருவர் வந்திருக்கிறார். அந்த மாட்டு டாக்டரையும் அக்கா தேடினார். கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. மாட்டு டாக்டரம்மா என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

ஏன் அக்கா இப்படி, வீட்டில் உட்கார வைத்து நாலு வார்த்தை சொன்னால் போதாதா என்று நானே கேட்டேன். "சொல்லி எந்தப் பொண்ணுக்கும் ஆசை வராதுடி. பக்கத்துல வந்து நிக்கணும். அவுங்க வேர்வை வாடை இவ மூக்குல ஏறணும்" என்றார்.

அக்கா செய்தது எல்லாமே சரி என்று நான் எழுத மாட்டேன். அவருக்குப் பொறுமை குறைவு. கூட்டத்தின் நடுவே கேள்வி கேட்கச் சொல்லி ஒரு பெண்ணை அழ வைத்திருக்கிறார். விசேஷ வீட்டில் சிரித்த முகமாக இருக்க அவருக்குக் கடைசி வரை வரவில்லை. அவர் ஆள் கூட்டிவந்து காட்டிய பெண்கள் எல்லோரும் உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள் என்று எழுத ஆசைதான். போகவில்லை. முதல் பெண்ணைப் பத்தாவதோடு நிறுத்திக் கட்டிக்கொடுத்தார்கள். இன்னொருத்தி நர்சிங் சேர்ந்து பாதியில் வந்துவிட்டாள். ஒருத்தி மட்டும் திருச்சியில் வேலையில் இருக்கிறாள். அவளுடைய அப்பா, அது தன் முயற்சி என்று சொல்லிக்கொள்கிறார். சொல்லிக்கொள்ளட்டும்.

இனி பவித்ராவைப் பற்றி எழுத வேண்டும். பவித்ரா அண்ணனின் மூத்த மகள். அக்காவுக்கு மருமகள் முறை. அக்கா மடியில் வளர்ந்தவள். 2006இல் அவளுக்கு மஞ்சள் நீராட்டு. ஊரே திரண்ட விசேஷம். அண்ணியின் தம்பி, அதாவது பவித்ராவின் தாய்மாமன், மேளதாளத்தோடு தெருவை அடைத்துச் சீர் கொண்டு வந்தார். உரக்கடை வைத்திருக்கிறார், நல்ல வருமானம். கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன்.

அந்தச் சீர் உள்ளே போன பிறகு அக்கா வந்தார். கூட வந்தவர் ஸ்டெல்லா. கடலூரை அடுத்த குடிகாட்டைச் சேர்ந்தவர். அங்கே இருக்கும் கெமிக்கல் கம்பெனிகளில் ஒன்றில் லேப் கெமிஸ்ட். ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்து நேராக வந்திருந்தார். நீல ஓவர்கோட், கனத்த ஷூ, கையில் ஹெல்மெட். உடம்பில் மருந்து வாடை. கேஸ் அடுப்பு ரிப்பேர் பண்ண ஆள் வந்துவிட்டது என்று சமையல்காரர் உள்ளே கூப்பிட்டார். பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். அவருக்கு உட்கார ஒரு நாற்காலி போடச் சொல்லி நான் அண்ணனிடம் இரண்டு தடவை கேட்டேன். இருந்த நாற்காலியெல்லாம் மாப்பிள்ளை வீட்டாருக்கு என்றார். தாய்மாமன் வீட்டாருக்கு அன்றைக்கே அவர் வாயில் அந்தச் சொல் வந்தது. எனக்குத்தான் உறைக்கவில்லை. ஸ்டெல்லா விசேஷம் முடியும்வரை நின்றுகொண்டே இருந்தார். அக்காவும் அவரோடு நின்றார்.

ஆனால் பவித்ரா மற்றப் பெண்களைப் போல் தலையைக் குனியவில்லை. இது என்னா அக்கா, இது எதுக்கு, கண்ணுல பட்டா என்னா ஆவும் என்று ஸ்டெல்லாவிடம் கேட்டுக்கொண்டே போனாள். ஹெல்மெட்டை வாங்கித் தன் பூ ஜடைக்கு மேல் வைத்துப் பார்த்தாள். போட்டோகிராபர் கிளிக் செய்துவிட்டார். ஆல்பம் வந்தபோது அந்தப் படம் அதில் இல்லை. அண்ணன் அதை நீக்கிவிடச் சொல்லியிருந்தார். மாமா ஸ்டுடியோவுக்குப் போய் ஒரு பிரதி வாங்கி வைத்திருந்தார். இம்மலரின் பின்னட்டையில் இருப்பது அந்தப் படம்தான். அக்காவின் நினைவு மலரில் இந்தப் படம் எதற்கு என்று கேட்பவர்கள், அதன் ஓரத்தில் பாதி தெரியும் முழுக்கைச் சட்டையைப் பார்க்கவும். அக்காவும் அன்று வேலை உடுப்பில்தான் வந்திருந்தார்.

அதிலிருந்து பவித்ராவுக்குக் கெமிஸ்ட்ரிதான் எல்லாம். சந்தேகம் வந்தால் அக்கா போனில் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுக் கொடுப்பார். பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி மார்க்கைப் பார்த்து அவள் பள்ளிக்கூடமே சந்தோஷப்பட்டது. அது 2011. அதற்குள் அக்கா படுத்துவிட்டார்.

வயிற்றில் வலி என்று முந்தைய வருடமே சொல்லிக்கொண்டிருந்தார். வேலை வேலை என்று தள்ளிப்போட்டார். கடைசியில் புதுச்சேரியில் காட்டியபோது கர்ப்பப்பையில் புற்று, முற்றிவிட்டது என்றார்கள். மாமா கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே இருந்தார். ஆஸ்பத்திரியில் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். அக்காவும் கொடுத்த மருந்து எதையும் மறுக்கவில்லை. தலைமுடி கொட்டிய பிறகு, வயலுக்குக் கட்டிப்போன அதே துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார். வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று டாக்டர் சொன்னதும் சிதம்பரம் வந்தார்.

எங்கள் பங்காளி வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கட்டிக்கொடுத்த பெண் இறந்தாலும் பிறந்த வீட்டில் ஓர் ஆண்டுக்குப் பந்தக்கால் நட மாட்டோம். மற்ற வீடுகளில் இப்படி இல்லை என்பார்கள். எங்கள் வீடுகளில் உண்டு, அதை மீறியவர் யாருமில்லை. டாக்டர் கைவிரித்த செய்தி ஊருக்குப் போன அடுத்த வாரம் அண்ணன் வீட்டில் பெரியவர்கள் கூடினார்கள். அக்காவுக்கு இன்னும் என்ன வைத்தியம் பார்க்கலாம் என்று பேசக் கூடியிருக்கிறார்கள் என்று நினைத்து நானும் கடலூரிலிருந்து போனேன். பேசியது பவித்ராவை அவள் தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுப்பதை. தாய்மாமனுக்கு முப்பது தாண்டிவிட்டது, இனி ஒரு வருடம் தள்ளிப்போனால் எப்படி, அக்கா கண்ணை மூடுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்றார்கள். ஆனியில் முகூர்த்தம் குறித்தார்கள். அத்தை கடைசி ஆசை, அத்தை கண்குளிரப் பார்க்க வேண்டும் என்று பத்திரிகை வைக்கப் போன இடத்திலெல்லாம் சொன்னார்கள். அக்காவின் ஆசை என்ன என்று அக்காவைக் கேட்டவர் ஒருவருமில்லை.

பத்திரிகையோடு அண்ணன் சிதம்பரம் வந்தார். நானும் மாமாவும் இருந்தோம். அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பத்திரிகையை வாங்கிப் படித்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏன்டா, நான் போறதுக்கு முன்னாடி முடிச்சிடணும், அதான?"

"அப்படி இல்லக்கா. நீ பாக்கணும்னுதான்."

"எனக்குப் பாக்கணும்னா அவ படிச்சு வேலைக்குப் போறத பாக்கணும்டா. அதுக்கு நேரமில்ல. இத வேற நான் பாக்கணுமா?"

அண்ணன் அழுதார். நிஜமாகவே அழுதார். ஆனால் பத்திரிகையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது, பொம்பளைப் பிள்ளை விஷயத்தில் பிடிவாதம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை பவித்ரா அப்பாவுக்குத் தெரியாமல் மினி பஸ் பிடித்து வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் போன பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டார். முகத்தில் ஒரு குறும்பு இருந்தது. வரப்புத் தகராறில் யாருக்கும் தெரியாத பழைய கல்லைக் கண்டுபிடித்தால் அந்த முகம் வரும்.

"நான் அந்தத் தேதிக்கு முன்னாடி போயிட்டா, அவளுக்கு ஒரு வருஷம் கெடைக்கும்ல? ஒரு வருஷம் போதும்டி. காலேஜுல கால வச்சிட்டான்னா அவளே பாத்துக்குவா."

நான் அவரைத் திட்டினேன். இப்படிப் பேசுவதாக இருந்தால் நான் கிளம்புகிறேன் என்றேன். அக்கா சிரித்துவிட்டுக் கஞ்சியைக் குடித்தார், மாத்திரையும் போட்டுக்கொண்டார். முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மாமா கையைப் பிடித்தபடி, விடிந்து வெகுநேரம் கழித்து, அக்கா போய்விட்டார்.

துக்க வீட்டில் என் காதில் விழுந்ததை எழுதுகிறேன். "கல்யாணத்தக் கெடுத்துட்டுப் போயிட்டாளே மகராசி" என்றார் ஒருவர். சொன்னவர் யாரென்று எனக்குத் தெரியும். அவருக்கும் இம்மலர் கொடுக்கப்படும். மண்டபத்துக்கு என்ன பதில் சொல்வது என்று இன்னொருவர் கவலைப்பட்டார். அக்கா உடம்பு கூடத்தில் இருந்தது.

காரியம் முடிந்ததும், வழக்கத்தை மீற அண்ணனால் முடியவில்லை. அதைச் சொல்லித்தானே அவசரப்பட்டார். ஒரு வருடம் தள்ளிவைத்தார்கள். அதுவரை பெண் வீட்டில் சும்மா இருப்பதற்கு என்னோடு கடலூரில் இருந்து காலேஜுக்குப் போகட்டும் என்று மாமா கேட்டார். ஒரு வருடம்தானே என்று அண்ணன் தலையாட்டினார். கடைசி நேரத்தில் இடம் பிடிக்க ஸ்டெல்லா ஒரு நாள் லீவு போட்டு எங்களோடு அலைந்தார். பவித்ரா பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி சேர்ந்தாள். மார்கழியில் புயல் அடித்து எங்கள் வீட்டு ஷீட்டெல்லாம் பறந்தபோது, நிச்சயம் செய்த பெண்ணைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டதால் வந்த வினை என்று சொந்தத்தில் பேசினார்களாம். கடலூர் முழுக்க ஷீட் பறந்தது. எத்தனை பேர் வீட்டில் பெண்ணைக் கொண்டுபோய் வைத்திருந்தார்களோ தெரியவில்லை. கரண்ட் இல்லாத அந்த நாட்களில் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பவித்ரா செமஸ்டர் பரீட்சைக்குப் படித்தாள். எல்லாப் பாடத்திலும் தேறினாள்.

இப்போது ஆண்டு நிறைகிறது. அக்கா சுமங்கலியாகப் போனவர் என்பதால், வீட்டுத் தெய்வமான பூவாடைக்காரியாக வைத்துப் புதுப்புடவை படைக்கப் போகிறோம். அண்ணன் பட்டு எடுத்திருக்கிறார். ஆலாத்தித் தட்டை அக்கா கையில் படாமல் அடுத்தவருக்கு நகர்த்தியவர்கள் அந்தப் புடவைக்குக் கற்பூரம் காட்டுவார்கள், விழுந்து கும்பிடுவார்கள், தங்கள் வீட்டுப் பெண்களுக்கு நல்லது செய் என்று வேண்டிக்கொள்வார்கள். எனக்கு வயிறு எரிகிறது. உயிரோடு இருந்தபோது அவர் செய்த நல்லதைக் காலில் தள்ளிவிட்டு, செத்த பிறகு அவரிடம் நல்லது கேட்கிறார்கள். படைக்கட்டும். பக்கத்தில் அக்காவின் முழுக்கைச் சட்டையையும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். மாமா அதைத் துவைத்து, மடித்து, தயாராக வைத்திருக்கிறார்.

படையல் முடிந்து, ஆடி கழிந்ததும் நடத்துவதாக அண்ணன் வீட்டில் இரண்டு விசேஷங்கள் பேசப்படுகின்றன. ஒன்று, பவித்ராவின் தங்கை சுகன்யாவுக்கு மஞ்சள் நீராட்டு. அவள் இந்தத் துக்க வருடத்தில் பெரியவளானதால் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதோடு நிறுத்தியிருந்தார்கள். மற்றது, தள்ளிவைத்த கல்யாணம். போன வாரம் தேதி பேச அண்ணன் கடலூர் வந்தார். பவித்ரா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே நின்றாள். "அப்பா, அத்தைக்கு ஒரு வருஷம் முடிஞ்சுது. எனக்குப் படிப்பு இன்னும் முடியல. நான் வரல" என்றாள். அப்பா முகத்தைப் பார்த்தே சொன்னாள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சொல்லிக் கொடுத்தேன் என்று நினைக்கிறார். அண்ணே, நான் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லி வருவதில்லை என்று அக்காவே சொல்லியிருக்கிறார்.

இதை இங்கே அச்சில் எழுதக் காரணம் இருக்கிறது. நாளைக்கு எங்களுக்குத் தெரியாது, பெண்ணுக்கும் சம்மதம் என்றுதான் நினைத்தோம் என்று யாரும் சொல்லக் கூடாது. இம்மலர் போகும் எல்லா வீட்டுக்கும் இது தெரிந்திருக்கட்டும். பவித்ராவின் தாய்மாமனும் இதைப் படிப்பார். அவர் வேறு நல்ல இடம் பார்த்துக்கொள்வது எல்லோருக்கும் மரியாதை. அவர் கல்யாணத்துக்கு நாங்கள் குடும்பத்தோடு வருவோம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அக்காவை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட புதுச்சேரி ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு நன்றி. லீவு முடிந்த பிறகும் அக்காவின் வேலையைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்ட அலுவலகத்தாருக்கும், அவரோடு வயல் வயலாக நடந்த தலையாரிகளுக்கும் நன்றி. துக்கத்துக்குப் பிச்சாவரம் பக்கத்திலிருந்து வேன் பிடித்து வந்த குடும்பங்களுக்கு நன்றி. அவர்களில் ஒரு இளம்பெண் அக்கா காலடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். டேப் பிடித்த சிறுமி அவள்தானா என்று கேட்கத் தோன்றாமல் போய்விட்டது. வேலை உடுப்பில் வந்து எங்கள் வீட்டு விசேஷங்களில் கேலிக்கு ஆளான எல்லாப் பெண்களிடமும் எங்கள் குடும்பத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஸ்டெல்லாவுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார், சொல்லவில்லை. மாமாவுக்கு நான் என்ன சொல்ல. ஷூ வாங்கிக் கொடுத்த மனிதர் அவர்.

அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள் மட்டும். சுகன்யாவின் விசேஷத்துக்கு அத்தை முறைக்கு இனி நான்தான் இருக்கிறேன், சீரோடு வருகிறேன். அக்கா செய்தபடி கூட ஒருத்தியைக் கூட்டி வருவேன். பவித்ரா வருவாள். காலேஜ் லேபில் போடும் வெள்ளைக் கோட்டோடுதான் வருவாள், ஆசிட் பட்டு ஓட்டை விழுந்த அதே கோட்டோடு. தங்கச்சி என்ன கேட்டாலும் பதில் சொல்லத் தயாராக இருக்கிறாள். ஆலாத்தி யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு ஒரு நாற்காலி மட்டும் போட்டு வையுங்கள்.